குழாய் போடப் பணம் உண்டு, வால்வு மாற்றப் பணம் இல்லை

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மெயின் லைன் போகும் எந்தச் சாலையிலும் இந்தக் காட்சி தட்டுப்படும். சாலையோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு செங்கல் தொட்டி. உள்ளே ஏர் வால்வு. அதன் தலையிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருக்கும். சுற்றிலும் பிளாஸ்டிக் குடங்கள், ஒரு சைக்கிள், தேங்கிய தண்ணீரைக் குடிக்கும் ஆடுகள். கோடை வந்தால் நாளிதழில் ‘வீணாகும் குடிநீர்’ என்று படம் வரும். மறுநாள் ஒருவர் வந்து சைக்கிள் டியூபைக் கிழித்து வால்வில் சுற்றிக் கட்டிவிட்டுப் போவார். பத்து நாளில் மறுபடியும் பீறிடும். அந்த ஒரு வால்வை ஏன் ஆண்டுக்கணக்கில் மாற்ற முடியவில்லை? அலட்சியம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அலட்சியமும் இருக்கலாம். ஆனால் நூல் பிடித்துப் போனால், அந்தத் தொட்டியில் தொடங்கி ஊராட்சியின் வங்கிக் கணக்கு, மின்கட்டண ரசீது, டெல்லியின் நிதி விதிமுறை வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

முதலில் வால்வு. குழாய் மேடேறும் இடங்களில் உச்சியில் காற்று தங்கும். தங்கிய காற்று, தண்ணீர் போகும் வழியைக் குறுக்கிவிடும். மோட்டார் அதே மின்சாரத்தைத் தின்னும், ஆனால் அந்தப் பக்கம் போய்ச் சேரும் தண்ணீர் குறையும். அந்தக் காற்றை வெளியேற்றத்தான் ஏர் வால்வு. உள்ளே ஒரு பந்து. தண்ணீர் ஏறியதும் பந்து மிதந்து மேலே போய் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து வாயை அடைக்கும். பம்ப் நின்று குழாய் காலியாகும்போது பந்து இறங்கி வெளிக்காற்றை உள்ளே விடும். இல்லையென்றால் குழாய்க்குள் வெற்றிடம் ஏற்பட்டு மூட்டுகளின் ரப்பர் உள்ளிழுக்கப்படும். ஆக வேலை செய்யும் பாகங்கள் இரண்டே இரண்டு, பந்தும் ரப்பரும். ரப்பர் சில ஆண்டுகளில் இறுகி வெடித்துவிடும். பந்தைக் கம்பியால் நெம்பி நகர்த்துகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் அந்தத் திட்டத்தின் பயனாளிப் பட்டியலில் இல்லாத ஊர்க்காரர்கள். இல்லாவிட்டால் பட்டியலில் பெயர் இருந்தும் தண்ணீர் எட்டாத கடைக்கோடி ஊர்க்காரர்கள். தங்கள் ஊர் வழியாகத் தினமும் பல லட்சம் லிட்டர் போகிறது, தங்கள் குடத்துக்கு மட்டும் இல்லை என்றால் என்ன செய்வார்கள்? அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் விளைவு கடுமையானது. பம்ப் நிற்கும் நேரத்தில் அந்தத் தொட்டியில் தேங்கிய அழுக்குத் தண்ணீர் அதே வால்வு வழியாக உள்ளே உறிஞ்சப்படும். மறுபடி பம்ப் ஓடும்போது அது அடுத்த ஊர்களுக்குப் போகும்.

இனி வால்வை ஏன் மாற்றுவதில்லை என்பதற்கு வருவோம். ஏர் வால்வுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்லூயிஸ் வால்வு இருக்கும். அதை மூடிவிட்டால் மெயின் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே உள்ளதைக் கழற்றலாம். அரை நாள் வேலை. ஆனால் அந்தக் கீழ் வால்வைப் பொருத்திய நாளிலிருந்து யாரும் திருகிப் பார்த்திருக்க மாட்டார்கள். தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். பலம் கொடுத்துத் திருகினால் ஒடியும். அப்படியானால் முழு மெயின் லைனையும் நிறுத்தி, அந்தப் பகுதியை வடித்து, இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாயில் ஒரு கிலோமீட்டருக்கு 7.85 லட்சம் லிட்டர் நிற்கும். பத்துக் கிலோமீட்டரை வடித்தால் 78 லட்சம் லிட்டர் ஓடையில் போகும். திரும்ப நிரப்பும்போது அவசரப்பட முடியாது. வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்துக்கு மேல் நிரப்பினால் காற்று வெளியேற நேரம் கிடைக்காமல் அழுத்தம் தாறுமாறாகி வேறெங்காவது மூட்டு தெறிக்கும். அந்த வேகத்தில் பத்துக் கிலோமீட்டர் நிரம்ப ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகும். பிறகு கழுவி விட வேண்டும், குளோரின் போட வேண்டும். ஒரு சின்ன வால்வுக்காக நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்த எந்தப் பொறியாளர் கையெழுத்துப் போடுவார்? டியூபைச் சுற்றிக் கட்டச் சொல்லிவிடுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் முழுக்க மூடித் திறந்து, தண்டுக்குக் கிரீஸ் போட ஒரு ஜீப்பும் இரண்டு ஆட்களும் இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. அந்த ஜீப்புக்கும் ஆட்களுக்கும் எந்தத் தலைப்பில் பணம் இருக்கிறது என்று தேடினால்தான் விஷயமே புரிகிறது.

திறப்பு விழாவுக்கு மறுநாள்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971இல் அமைக்கப்பட்டது. இன்று அது பராமரிக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் 500க்கும் மேல். இவற்றைக் கட்டப் பணம் கிடைத்துவிடுகிறது. மத்திய அரசின் திட்டங்கள், மாநில பட்ஜெட், நபார்டு கடன், வெளிநாட்டுக் கடன் என்று பல வழிகள். ஒகேனக்கல் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை, அதிகமாகிக்கொண்டே போனால் எலும்பே இறுகும். அதற்காக ஜப்பான் அரசின் ஜைக்கா நிறுவனக் கடனோடு, 1,928.8 கோடி ரூபாய் மதிப்பில் உருவான திட்டம், 2013 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி ஓடும் பள்ளத்திலிருந்து மேட்டு நிலத்துக்குத் தண்ணீரை ஏற்ற வேண்டிய திட்டம் அது. அங்கே பம்ப் ஒரு வாரம் நின்றால் மக்கள் பழைய போர் தண்ணீருக்குத்தான் திரும்புவார்கள், அதாவது ஃபுளோரைடுக்கு. அந்த மாவட்டங்களில் பராமரிப்பு தவறினால் தாகத்தோடு நோயும் சேர்ந்து வரும்.

கட்டி முடித்த பிறகு ஓட்டும் செலவு யார் தலையில்? வாரியம் மொத்தமாகத் தண்ணீர் கொடுக்கும், உள்ளாட்சிகள் ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். இதுதான் ஏற்பாடு. ஊராட்சிகளில் இதற்கென்றே ‘கணக்கு எண் 2’ உண்டு. மாநில நிதி ஆணைய மானியத்தில் ஒரு பகுதி அதில் வரும். மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்ட வேண்டியதை அதிலிருந்து கட்ட வேண்டும். ஏட்டில் சரியாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இடிக்கிறது.

500 வீடுகள், 2,000 பேர் உள்ள ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்ட அளவுப்படி ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாளுக்கு 1.1 லட்சம் லிட்டர், மாதம் 33 லட்சம் லிட்டர். நெடுந்தூரம் ஏற்றி வரும் தண்ணீருக்கு ஆயிரம் லிட்டர் 15 ரூபாய் அடக்கம் என்று குறைத்தே வைத்தாலும் 49,500 ரூபாய் ஆகிறது. வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் வசூலிக்கும் ஊராட்சியில், ஒரு வீடு விடாமல் கட்டினாலும் 15,000 ரூபாய்தான். டேங்க் ஆபரேட்டர் சம்பளம், உள்ளூர் மோட்டாரின் மின்கட்டணம், காயில் எரிந்தால் கட்டும் கூலி, பிளீச்சிங் பவுடர் இதெல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. மிச்சத்தை மானியம்தான் ஈடுகட்ட வேண்டும். மானியம் தாமதமானால் வாரியத்துக்குப் பாக்கி. வாரியம் கையில் இருப்பதை வைத்து முதலில் மின்கட்டணம் கட்டும், அடுத்து கூலி, அடுத்து குளோரின், அடுத்து உடைந்த குழாய். வால்வுக்குக் கிரீஸ் போடுவது இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. அதுவரை பணம் மிஞ்சுவதில்லை.

367 என்ற எண்

மின்கட்டணம்தான் பெரிய செலவு என்பதால் அதை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தண்ணீரை ஏற்ற எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. எத்தனை கன மீட்டர் ஏற்றினோமோ அதை மொத்த ஏற்ற உயரத்தால் (குழாயின் உராய்வையும் சேர்த்து, மீட்டரில்) பெருக்கி, 367ஆல் வகுத்தால் துளியும் வீணாகாமல் தேவைப்படும் யூனிட் கிடைக்கும். மணிக்கு 500 கன மீட்டரை 100 மீட்டர் ஏற்றும் பம்ப்புக்கு அது 136 யூனிட். மின் மீட்டரில் 210 ஓடினால் மோட்டாரும் பம்ப்பும் சேர்ந்த திறன் 65 விழுக்காடு. நல்ல நிலை. ஆற்று மணல் துகள் பம்ப்பின் சுழல் சக்கரமான இம்பெல்லரை அரித்து, தேய்மான வளையத்தின் இடைவெளி அகன்றுவிட்டால், ஏற்றிய தண்ணீரில் ஒரு பகுதி பம்ப்புக்குள்ளேயே சுற்றிவரும். திறன் 50 விழுக்காட்டுக்கு இறங்கும். அப்போது அதே 500 கன மீட்டருக்கு 272 யூனிட் தேவை. மணிக்கு 62 யூனிட் அதிகம். நாளுக்கு இருபது மணி நேரம் ஓடினால் 1,240 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவுக்கு, ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் வீண். இது ஒரே ஒரு பம்ப்பின் கணக்கு. இம்பெல்லரும் வளையங்களும் மாற்றி ஓவர்ஹால் செய்வதற்கு இதில் சிறு பங்குதான் ஆகும், சில மாதங்களில் போட்ட பணம் திரும்பிவிடும்.

இவ்வளவு தெளிவான ஆதாயம் இருந்தும் ஏன் செய்வதில்லை? மின்கட்டணம் ஒரு தலைப்பு, ரிப்பேர் வேறு தலைப்பு. மின்கட்டணத்தில் மிச்சப்படுத்தியதை ரிப்பேருக்குத் திருப்பிவிட முடியாது. நீருந்து நிலையங்களை ஓட்டுவது பெரும்பாலும் ஒப்பந்ததாரர்கள், ஒப்பந்தமும் பல இடங்களில் ஓராண்டுக்குத்தான். மின்கட்டணம் அவர் கட்டுவதில்லை. அடுத்த ஆண்டு டெண்டர் யாருக்குப் போகும் என்று தெரியாதவர் இந்த ஆண்டு ஏன் பம்ப்பைப் பிரிக்க வேண்டும்? தண்டு வழியே ஒழுகாமல் தடுக்கும் கிளாண்ட் பேக்கிங்கை மாற்றி, பேரிங்குக்குக் கிரீஸ் போட்டு ஓட்டிக்கொண்டு போவார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான முடிவுதான். ஒப்பந்தத்தை எழுதியவர்கள்தான் தவறாக எழுதியிருக்கிறார்கள்.

குழாய்க்கும் இதே கதிதான். உள்சுவர் சொரசொரப்பாகி, வழவழப்பைக் குறிக்கும் கெழு 140லிருந்து 100க்கு இறங்கினால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு இழப்பு ஏறக்குறைய 1.87 மடங்காகும். பம்ப் புதிதாக இருந்தாலும் கடைக்கோடிக்குத் தண்ணீர் எட்டாது. குழாயில் படியும் வண்டலை வெளியேற்றத் தாழ்வான இடங்களில் ஸ்கவர் வால்வு வைத்திருப்பார்கள். அதையும் திறக்காமல் விட்டால் சேறு படிந்து குழாயின் அடிப்பகுதி அடைபடும்.

2019இல் நடந்த மாற்றம்

என் பார்வையில் திருப்புமுனை இங்கேதான். 2009 முதல் நடைமுறையில் இருந்த தேசிய ஊரகக் குடிநீர்த் திட்டத்தில், மத்திய நிதியில் 15 விழுக்காடு வரை இயக்கம், பராமரிப்புக்குச் செலவிட இடம் இருந்தது. போதாத தொகைதான், ஆனாலும் பராமரிப்பு என்று ஒரு தலைப்பு இருந்தது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தில் அந்தத் தலைப்பு போய்விட்டது. 3.60 லட்சம் கோடி ரூபாய் மதிப்பீடு, தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய-மாநிலப் பங்கு பாதிக்குப் பாதி. முழுக்கவும் கட்டுமானத்துக்கும் அதைச் சார்ந்த பணிகளுக்கும்தான். பராமரிப்பு மாநிலத்தின் பொறுப்பு, ஊராட்சியின் பொறுப்பு என்று ஒதுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக 15ஆவது நிதி ஆணையம் 2021-26க்கு ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிப்போட்டது, பாதி இதற்கு, பாதி அதற்கு.

இந்த மாற்றத்தில் நல்லதும் நடந்தது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. தமிழ்நாட்டில் சுமார் 1.25 கோடி ஊரக வீடுகளில் 2019இல் ஏறத்தாழ 22 லட்சம் வீடுகளில்தான் குழாய் இருந்தது. இன்று அந்த எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. தெருக்குழாயில் வரிசை கட்டி நின்ற பெண்களின் நேரம் மிச்சமாகியிருக்கிறது. ஆனால் பல ஊர்களில் மெயின் லைன் அதே, பம்ப் அதே, மேல்நிலைத் தொட்டி அதே. முனையில் மட்டும் குழாய்கள் பெருகின. 60,000 லிட்டர் தொட்டியில் 500 வீட்டுக் குழாய்களைக் கோத்து, ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 5 லிட்டர் வந்தால் நிமிடத்துக்கு 2,500 லிட்டர். 24 நிமிடத்தில் தொட்டி காலி. தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் குடம் குடமாக நிறையும், மேட்டுத் தெருவில் காற்று மட்டும் வரும். மேட்டுத் தெருக்காரர் அரை எச்.பி. மோட்டாரை நேரடியாகக் குழாயில் மாட்டுவார். மோட்டார் உறிஞ்சும் குழாயில் அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகும், சாக்கடையை ஒட்டிப் போகும் பிவிசி மூட்டின் விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே வரும்.

இதற்கு மருந்து ஊரை நாலு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு வால்வு வைத்து, நேரம் குறித்துத் திறந்துவிடுவது. ஒவ்வொரு இணைப்பிலும் அளவைக் கட்டுப்படுத்தும் ஃபெரூல் போடுவது. நாலு வால்வும் அதைத் திருப்ப ஓர் ஆளும் போதும். அந்த ஆள் டேங்க் ஆபரேட்டர். ஊரின் ஆரோக்கியமே அவர் கையில் இருக்கிறது. தொட்டியை மாதம் இருமுறை கழுவுவதும் அவர்தான். குளோரின் போடுவதும் அவர்தான். 60,000 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் போட வேண்டுமென்றால் 120 கிராம் குளோரின் தேவை. 30 விழுக்காடு வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரில் அது 400 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் திறக்க வேண்டும். கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும். மூட்டை திறந்தபடி ஈரத்தில் கிடந்தால் வீரியம் போய்விடும், பிறகு 400 கிராம் போட்டும் பயனில்லை. இத்தனை வேலை தெரிந்தவருக்கு நாம் கொடுக்கும் சம்பளம் மிகச் சொற்பம், அதுவும் பல ஊர்களில் மாதா மாதம் வருவதில்லை.

தேர்தல் நடக்காவிட்டால் தண்ணீரும் சிக்கல்

மத்திய நிதி ஆணைய மானியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருக்க வேண்டும். கொள்கையாக நான் இதை ஆதரிக்கிறேன். ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடக்கவில்லை, 14ஆவது நிதி ஆணைய மானியம் தடைபட்டது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மறுபடி பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். பராமரிப்புக்கான பணத்தைக் கட்டுமான நிதியிலிருந்து பிரித்து, ஊராட்சி மானியத்தில் கட்டிப்போட்டதில் உள்ள ஆபத்து இது. தேர்தலைத் தள்ளிப்போட்டவர்கள் வேறு, தண்ணீர் இல்லாமல் நிற்பவர்கள் வேறு.

தேய்மானத்துக்கு ஒரு கணக்கு வேண்டும்

பம்ப், மோட்டார், மின்சாதனங்களுக்கு 15 ஆண்டு, குழாய்க்கு 30 ஆண்டு என்பது நம் நாட்டுக் குடிநீர்க் கையேடே சொல்லும் வடிவமைப்புக் காலம். 600 கோடி ரூபாய்த் திட்டத்தில் பம்ப், மின்சாதனங்கள் 90 கோடி, குழாயும் கட்டடங்களும் 510 கோடி என்று கொண்டால், முதலாவதற்கு ஆண்டுக்கு 6 கோடி, இரண்டாவதற்கு 17 கோடி. விலைவாசியைச் சேர்க்காமலே 23 கோடி ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கினால்தான் ஆயுள் முடியும்போது மாற்றப் பணம் இருக்கும். நாம் பூஜ்யம் ஒதுக்குகிறோம். இருபதாம் ஆண்டில் எல்லாம் ஒரே சமயத்தில் பழுதாகும், ‘புனரமைப்புத் திட்டம்’ என்று புதிய கடனுக்கு எழுதுவோம். அந்தக் கடன் வரும் வரைக்கும் நாலைந்து கோடைகளை மக்கள் லாரித் தண்ணீரில் கழிப்பார்கள்.

முழுத் தொகையும் ஒரே ஆண்டில் கிடைக்காது என்பது தெரியும். அதனால் எதை முதலில் செய்வது என்பதில் பிடிவாதம் வேண்டும். ஒவ்வொரு ஊரின் சம்ப்புக்கு (தரைமட்டத் தொட்டிக்கு) முன்னால் மொத்த மீட்டரும், அளவைக் கட்டுப்படுத்தும் வால்வும் முதலில் வர வேண்டும். அளக்காமல் எந்த ஊருக்கு எவ்வளவு போகிறது, எங்கே ஒழுகுகிறது என்பதைச் சொல்ல வழியே இல்லை. மீட்டரை வளைவுக்கு ஒட்டி மாட்டினால் பொய் சொல்லும். முன்னால் குழாய் விட்டத்தின் பத்து மடங்கு நேர்க்குழாய் விட்டு மாட்ட வேண்டும். அடுத்து, பராமரிப்பு ஒப்பந்தத்தை ஐந்தாண்டுக்கு விட்டு, ஆயிரம் லிட்டருக்கு இத்தனை யூனிட் என்று அளவு வைத்து, மிச்சப்படும் மின்கட்டணத்தில் ஒப்பந்ததாரருக்கும் பங்கு கொடுக்க வேண்டும். ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் தலைமைப் பகுதியில் சேகரிப்புக் கிணற்றைச் சுற்றி 500 மீட்டருக்குள் மணல் அள்ளக் கூடாது என்று சிறுகனிம விதி இருக்கிறது. அதைக் காக்கப் பணமே தேவையில்லை. ஆற்றுப் படுகை இறங்கினால் கிணற்றிலிருந்து படுகைக்குள் நீளும் வடிகுழாய்களுக்கு மேலே மணல் போர்வை மெலிந்து, கலங்கல் நீர் உள்ளே வரும், அல்லது தண்ணீரே வராது. அதன் பிறகு எத்தனை கோடி போட்டாலும் பலன் இல்லை.

கடைசியாகக் கிடங்கு. ஒவ்வொரு பராமரிப்புக் கோட்டத்திலும் மெயின் லைனின் ஒவ்வொரு விட்டத்துக்கும் உடைந்த இடத்தைச் சுற்றி மாட்டும் ஸ்டீல் காலர் இரண்டு, மூட்டு ரப்பர்கள், இரண்டு முழு நீளக் குழாய், ஏர் வால்வுக்கான பந்தும் வளையமும், கீழ் வால்வுகள், பம்ப்புக்கு ஒரு செட் இம்பெல்லரும் பேரிங்கும், தண்ணீர் இறைக்க டீசல் பம்ப் ஒன்று. காங்கிரீட் குழாய் வெடித்தால் அதற்கு ஏற்ற காலர் உள்ளூர்க் கடையில் கிடைக்காது, செய்யச் சொல்லித்தான் வாங்க வேண்டும். இவை எல்லாம் பிப்ரவரி முடிவதற்குள் கிடங்கில் இருக்க வேண்டும். ஏப்ரலில் குழாய் வெடித்து, மே மாதம் டெண்டர் விட்டு, ஜூலையில் வந்து சேரும் காலரால் அந்தக் கோடைக்கு ஒரு குடம் தண்ணீர் கூடக் கிடைக்காது.